மாலை போட்ட பசுவின் படம்

திருவண்ணாமலை,
5-1-1999.

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு,

செங்கம் ரோட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் கு. தருமன் வணக்கம் கூறி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இங்கே நலம் இல்லை. இவ்வளவையும் செய்துவிட்டு அங்கே தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்றால், இந்த ஒரு மாதத்தில் நான் அடைந்த அதிர்ச்சிகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வேன்.

தங்கள் இதழில் ‘ஓய்வில் ஓர் ஒய்யாரக் கலை’ என்ற தலைப்பில், தோலில் பையும் பர்சும் செய்வது எப்படி என்று ஒரு தொடர் வருகிறது. எழுதுகிறவர் பெயர் தோல்நேசன் என்று போடுகிறீர்கள். அவர் யார், எந்த ஊர், தினமும் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வருவார் என்ற விவரங்களை எனக்குத் தெரிவித்தால் நன்றாக இருக்கும். நான் அவரை ஒன்றும் செய்ய மாட்டேன். எதிரில் நிறுத்தி ஒரே ஒரு முறை விசில் ஊதுவேன், அவ்வளவுதான்.

முப்பது வருஷம் விசில் ஊதிய வாய் இது ஐயா. பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் அந்த வாய் சும்மா இருக்க மறுத்தது. காய்கறிக்காரரை நேராக நிற்கச் சொன்னேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனை இடது காலை முதலில் எடுத்துவைக்கச் சொன்னேன், அவன் படியில் விழுந்தான். என் மனைவி தனம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: “ஏங்க, இது வீடுங்க, கிரவுண்டு இல்ல. கைக்கு எதனா வேலை குடுங்க. வாய் தானா அடங்கும்.” நல்ல யோசனைதான். அந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் தோல்நேசனை அவிழ்த்துவிட்டீர்கள். ‘ஓய்வு பெற்றோரே, தங்கள் கைகளுக்குள் ஒரு கலைஞன் உறங்குகிறான்’ என்பது முதல் வாரத்தின் முதல் வரி. உறங்கினால் உறங்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும். நான் எழுப்பினேன்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஜானி பாஷா. ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அவருக்கு வாணியம்பாடியில் தோல் வேலையில் சொந்தக்காரர்கள் உண்டு. அவரிடம் கேட்டேன். “உங்களுக்கு இல்லாததா மாஸ்டர்?” என்று அடுத்த வாரமே ஒரு சுருள் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாசலில் கால் வைப்பதற்குள் தனம் குறுக்கே வந்து நின்றாள். “பாய், இது இன்னா தோலு?” “ஆட்டுத் தோலும்மா.” “மாடு இல்லியே?” “ஐயோ, இல்லம்மா.” அதன்பிறகு அவள் என் பக்கம் திரும்பிச் சட்டம் போட்டாள்: ஆடு நாம் சாப்பிடுகிற ஜீவன், ஆகவே ஆட்டுத் தோல் வீட்டுக்குள் வரலாம். மாட்டுத் தோல் மட்டும் வாசப்படியைத் தாண்டக் கூடாது. செவ்வாய், வெள்ளியில் ஆட்டுத் தோலையும் தொடக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். இந்த ஒப்பந்தத்தைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் என் குடும்பம் நின்றதும் விழுந்ததும் இதன் மேல்தான்.

குத்தூசி, மரக் கொட்டாப்புளி, மெழுகு நூல் எல்லாம் வாங்கி உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் மூக்குக் கண்ணாடிக்குக் கூடு செய்யச் சொல்லித் தந்தார் உங்கள் தோல்நேசன். ‘தோலை நீரில் ஊறவைத்துப் பொருளின் மேல் இறுக்கிக் கட்டி வெயிலில் உலர்த்துக, அப்பொருளின் வடிவத்தைத் தோல் அப்படியே ஏந்திக்கொள்ளும்.’ ஏந்திக்கொண்டது ஐயா, மறுக்கவில்லை. என் மூக்குக் கண்ணாடியை உள்ளே வைத்துக் கட்டி மொட்டை மாடியில் காயவைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் தோல் சுருங்கிக் கல்லாகிவிட்டது. கண்ணாடி உள்ளே இருப்பது வடிவத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது. கண்ணாடிக்குப் பதிலாக அதே அளவில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்ட வேண்டும் என்ற விவரம் அடுத்த வார இதழில் வந்தது. அந்த ஒரு வரிக்கு மூன்றாவது வாரத்தில் இடம் இல்லாமல் போய்விட்டதா? ராசிபலனுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுசாக இருந்ததே! கண்ணாடி இல்லாமல் என் பழைய மாணவன் கல்யாணத்துக்குப் போய், பக்கத்து மண்டபத்தில் ஏறி, யாரோ ஒரு பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாயார வாழ்த்தி, மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை ரசம் கேட்டபோதுதான் “நீங்க பொண்ணு வீடா, மாப்பிள வீடா?” என்று ஒருவர் கேட்டார். “நான் மாணவன் வீடு” என்றேன். அவர் முகம் எனக்குத் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம்.

புதுக் கண்ணாடி வாங்கியதோடு விட்டிருக்கலாம். ஆனால் கை படிந்துவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஐந்தாவது பையிலிருந்து என் தையல் நேராக வந்தது. தெரு நாய்கள்கூட மதித்தன. தோல் வாசனைக்கு எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து வரிசையாக உட்கார்ந்தன. முப்பது வருஷத்தில் எந்த வகுப்பும் எனக்கு அப்படி உட்கார்ந்தது கிடையாது.

இந்த நிலையில்தான் ரமணாசிரமம் பக்கத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் மாறன் ஒரு அறிவிப்புச் செய்தான். மாறன் என் மாணவன், தாமதமாக வந்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிடப்பட்டவன். டிசம்பர் மாதம் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள் அல்லவா, அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் விடுதி முற்றத்தில் கைவினைப் பொருள் சந்தை வைப்பதாகவும், மாத முடிவில் எவர் சரக்கு ஜாஸ்தி விற்கிறதோ அவருக்கு ரோட்டைப் பார்த்த முன்னறையை ஒரு வருஷம் வாடகையில்லாமல் கடை வைக்கக் கொடுப்பதாகவும் சொன்னான். ஆசிரியர் அவர்களே, தாங்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை, ஆகவே தங்களுக்குப் புரியாது. காலையில் குளித்துச் சட்டை மாட்டியதும் போவதற்கு ஒரு இடம், அங்கே ஒரு நாற்காலி, மேலே என் பெயர் எழுதிய ஒரு பலகை. எனக்கு அந்த அறை வேண்டும் போலிருந்தது. ராத்திரிச் சோறு இறங்காத அளவுக்கு வேண்டும் போலிருந்தது.

முதல் ஞாயிறு பதினாறு பைகளோடு போனேன். போய்ப் பார்த்தால் எனக்கு எதிர் மேஜையில் ஜானி பாஷா! ஆட்டோ சீட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய ரெக்ஸினில் பச்சையும் மஞ்சளுமாகப் பைகள் தைத்து அடுக்கி வைத்திருக்கிறார். “என்ன பாய், நீங்களுமா?” என்றேன். “சும்மா மாஸ்டர், பொழுதுபோக்குக்கு” என்றார். நான் பார்த்த பொழுதுபோக்கில் அவ்வளவு பெரிய அடுக்கு கிடையாது.

முதலில் வந்தவர் வெள்ளை வேட்டி கட்டிய ஆறடி வெள்ளைக்காரர். என் பையை எடுத்தார், தையலைத் தடவினார், கண்ணை மூடிக்கொண்டார். “பியூட்டிஃபுல்” என்றார். பிறகு முகர்ந்தார். “லெதர்?” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “யெஸ். ஒரிஜினல். ஹண்ட்ரட் பர்சென்ட்” என்றேன். அவர் பையைக் கீழே வைத்த வேகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். நெருப்பைத் தொட்டவர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டார், என்னிடம் அல்ல, பையிடம். அந்தப் பக்கம் ஜானி பாஷா குரல் கொடுத்தார்: “நோ அனிமல் சார்! ஒன்லி ஆட்டோ!” அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. மத்தியானத்துக்குள் அவர் மேஜை காலி. என் பதினாறும் அப்படியே பதினாறு. வீட்டுக்கு நடக்கும்போது அவர் என் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சொன்னார்: “மனசு விடாதீங்க மாஸ்டர். உங்க பை ஒசந்த பை. ஆனா இவங்க அல்லாரும் கத்தரிக்கா சாப்பிட வந்தவங்க.” இந்த விஷயத்தைத் தோல்நேசன் ஒரு வாரமாவது எழுதினாரா? ஊருக்கு ஊர் வாங்குகிறவர் மனம் மாறும் என்று ஒரு எச்சரிக்கை? இல்லை!

இரண்டாம் ஞாயிறு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் ஆங்கிலம்தான் பொறுப்பு. ஜெர்மனியிலிருந்து வந்து சாந்தி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு அம்மாள் என் மேஜைக்கு முன்னால் நின்று, பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே, “ஹூ கில்?” என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. கேட்பவர் கண்ணில் தண்ணீர் நின்றால் எந்த மனிதனுக்கும் வாய் குழறும். எனக்குத் தெரிந்த ஆங்கிலமோ பாதி மைதானத்துக் கட்டளை, மீதி மாணவர்கள் எழுதிக் கொடுத்த லீவ் லெட்டர். ‘மை அங்கிள் எக்ஸ்பயர்டு’ என்று எத்தனை படித்திருப்பேன்! “நோ கில் மேடம்! நோ கில்! கவ் எக்ஸ்பயர்டு. ஓல்டு ஏஜ். மை ஹவுஸ் கவ்” என்று வந்துவிட்டது. ஆடு என்றே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஆடு முதுமையால் இறந்ததாக இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை ஐயா.

அந்த அம்மாள் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். “நேம்?” என்றார். “லட்சுமி” என்றேன். “லக்ஷ்மீ” என்று நீட்டிச் சொல்லி அழுதார். பிறகு போய்த் தன் சிநேகிதிகளை அழைத்து வந்தார். லட்சுமி சாந்தமானவளா, கடைசிக் காலத்தில் கஷ்டப்பட்டாளா, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள் என்று ஒவ்வொருவராக விசாரித்து வாங்கினார்கள். மலையைப் பார்த்துத் தலைவைத்துப் படுப்பாள் என்றேன். பதினாறும் போயிற்று. மேற்கொண்டு ஆர்டரும் வந்தது. ஒரு பசுவில் எத்தனை பை வரும் என்று கணக்குக் கேட்ட ஒரே ஒருவரிடம், “பிக் கவ்” என்று கையை விரித்துக் காட்டினேன். எதிரே ஜானி பாஷா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோலைத் தோளில் தூக்கி வந்தவர் அவரல்லவா! ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதற்குப் பிறகு வந்த புதன்கிழமையை என் ஆயுளில் மறக்க மாட்டேன். காலையில் கோலத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஒன்பது வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் கேட்டுக்குள் வந்தார்கள், கையில் பூ, ஊதுவத்தி, சாந்தி அம்மாள் தலைமையில். லட்சுமி வாழ்ந்த கொட்டகையைத் தரிசிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் கொட்டகை ஏது? பக்கவாட்டில் மொபெட் நிறுத்துகிற தகரக் கூரைதான் இருக்கிறது. அதைக் காட்டினேன். அவர்கள் மொபெட்டைச் சுற்றி வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அப்போதுதான் தனம் கையில் தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள்.

“இன்னாங்க, மொபெட்டுக்கு ஆயுத பூஜையா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சாந்தி அம்மாள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, அரைகுறைத் தமிழில், “அம்மா, உங்கள் பசு, லட்சுமி, இறந்து, பை. ரொம்ப நன்றி” என்றார்.

தனம் என்னைப் பார்த்தாள். “பசுவா?”

நான் மொபெட்டைப் பார்த்தேன்.

“நீங்க அறுக்கறது, தைக்கறது, கூடத்துல பரத்திப் போடறது எல்லாம் மாட்டுத் தோலா?”

ஆடு என்று சொன்னால் ஒன்பது பேரும் எழுந்து போவார்கள், அறை போகும். பசு என்று சொன்னால் தனம் போவாள். மைதானத்தில் எத்தனையோ பேருக்கு இடமா வலமா என்று உடனே முடிவு சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதே அவளுக்குப் பதிலாகிவிட்டது. தோசைத் திருப்பியை மொபெட் சீட்டின் மேல் வைத்தாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். “ஆடு ஆடுன்னு சொல்லி சாமி மாடத்துக்குப் பக்கத்துல வெச்சீங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு, கீழ்பென்னாத்தூரில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மொபெட்டைச் சுற்றி உட்கார்ந்த மற்றவர்கள் கண்ணை மூடியே இருந்தார்கள்.

இதன் பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்பீர்கள். பெண்டாட்டியும் போய், அறையும் போனால் மனிதனுக்கு என்ன மிஞ்சும்? அறையையாவது பிடிப்போம் என்று பிடிவாதம் வந்துவிட்டது. லட்சுமியின் படம் ஒன்று வேண்டும் என்று சாந்தி அம்மாள் கேட்டிருந்தார். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற சந்திரம்மாளிடம் பொன்னி என்று ஒரு பசு உண்டு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், பார்க்க லட்சணம். “காலண்டரில் போடலாம் போல இருக்கிறது, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டேன். சந்திரம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, சாமந்தி மாலை சாத்தி, முன்னால் ஒரு அகல் ஏற்றி, கடைசி ஞாயிறு என் மேஜை நடுவில் வைத்தேன்.

அன்றைக்கு விற்பனை நன்றாகத்தான் தொடங்கியது. மாறனே வந்து, “சார், அறை உங்களுக்குத்தான் போல” என்று காதில் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொல்லி முடித்த சூட்டில் வாசலில் ஒரு கூச்சல் கேட்டது. திரும்பினால் சந்திரம்மாள். அவள் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் பொன்னி.

“யோவ் மாஸ்டரு! காலண்டருன்னு சொல்லித்தானேய்யா போட்டோ புடிச்ச? மஞ்ச பூசி, பொட்டு வெச்சு, கொம்புக்கு எண்ணெ தடவி நிக்க வெச்சேனே! மத்தியானப் பால் ஊத்தப் போனா, சந்தையில படத்துக்கு மால போட்டிருக்கு, உன் மாடுதான் செத்துப்போச்சாமே, இது எதோட பாலுன்னு கேட்டுக் கதவ சாத்தறாங்கய்யா! கல்லாட்டம் நிக்கற மாட்டுக்கு மால போட உனுக்குக் கையி எப்படிய்யா வந்துச்சு?”

சந்தை முழுக்க நின்றுவிட்டது. நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பொன்னி மேஜைக்குப் பக்கத்தில் வந்து, தன் படத்தைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்து, அதில் இருந்த மாலையை மெல்ல உருவித் தின்னத் தொடங்கிவிட்டது. “லக்ஷ்மீ!” என்று அலறினார் சாந்தி அம்மாள். சுட்டி, கொம்பு எல்லாம் படத்தில் உள்ளபடியே. உயிரோடு நின்று தனக்குப் போட்ட மாலையைத் தானே மெல்கிற பசுவை இந்த ஊர் அன்றுதான் பார்த்தது, நானும் அன்றுதான் பார்த்தேன்.

சாந்தி அம்மாள் தன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார், பொன்னியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தென், ஹூ ஈஸ் திஸ்?” என்று பையைக் காட்டிக் கேட்டார். அதற்குள் ரோட்டில் போகிறவர்களும் கூடிவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், “கோயில் மாடு ஒண்ணு காணோம்னு சொன்னாங்களே” என்றது. இன்னொரு குரல், “அதான் இதுவா?” என்றது. ஐயா, அதுவரைக்கும் நான் அடைந்ததெல்லாம் வெட்கம். அப்போது வந்தது பயம். நான்கைந்து பேர் மேஜையை நெருங்கினார்கள். என் சட்டைப் பையில் இருந்த விசிலைத் தேடினேன். மெழுகு நூல்தான் கைக்கு வந்தது.

எதிர் மேஜையிலிருந்து ஜானி பாஷா பாய்ந்து வந்தார். மாட்டு விவகாரம், கூட்டம் கோபத்தில் இருக்கிறது, அவர் பேசாமல் தன் ரெக்ஸினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். என் முன்னால் வந்து கையை விரித்து நின்று கத்தினார்: “யாரும் கை வெக்காதீங்க! அல்லா மேல ஆணை, அது ஆடு! நான்தான் வாணியம்பாடிலேருந்து கொண்டாந்தேன். மாஸ்டர் வீட்ல மாடும் இல்ல, மண்ணும் இல்ல. சுத்தமான ஆடு! நோ கவ்! ஒன்லி கோட்!”

கூட்டம் அப்படியே தளர்ந்தது. “ஆடா? அட, ஆடுதானா” என்று நெருங்கியவர்கள் விலகினார்கள். ஆனால் சாந்தி அம்மாள் விடவில்லை. ஜானி பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கோட் எக்ஸ்பயர்டு? ஓல்டு ஏஜ்?” என்று நம்பிக்கையோடு கேட்டார். பாஷா நேர்மையான மனிதர், அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு. “நோ மேடம்” என்றார். “பிரியாணி.”

பைகள் திரும்பி வந்தன. ஒவ்வொருவராக வந்து மேஜையில் வைத்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாறன் என்னிடம் வந்து, “இன்னா சார் இது?” என்று மட்டும் கேட்டான். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன் ஐயா. சந்திரம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். “என்னாண்ட கேக்காத. அதாண்ட கேளு” என்று பொன்னியைக் காட்டினாள். மூவர்ணக் கொடிக்கும் அண்ணாமலையாருக்கும் தவிர வேறு எதற்கும் குனியாத நான், என் பழைய மாணவர்கள் பார்க்க, பசுவின் முன்னால் குனிந்து, “பொன்னி, தவறாக எண்ணாதே” என்றேன். அது சாணி போட்டது. “ஏத்துக்கிச்சு, போ” என்றாள் சந்திரம்மாள்.

வீட்டுக்கு வந்து விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அன்று மாலையே ஜானி பாஷாவின் மனைவி நசீமா கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். மறுநாள் காலை நசீமாவும் தனமும் சேர்ந்து வாசலில் வந்து நின்றார்கள். தனம் உள்ளே வரவில்லை. வாசப்படிக்கு வெளியே பெட்டியோடு நின்று கேட்டாள்.

“ஆடுதானா?”

“ஆடுதான்.”

“ஊரு முன்னால பாய் சத்தியம் பண்ணாராமே?”

“பண்ணார்.”

“அப்ப அன்னிக்கு நான் கேக்கும்போது அந்த ஒரு வார்த்தைய சொல்றதுக்கு உங்க வாயில இன்னா கொழக்கட்டையா இருந்துச்சு?”

நான் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன் ஐயா. அவள் பெருமூச்சு விட்டு, “அப்பாடா, ஆடுதானா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். எந்த வார்த்தை சந்தையில் என்னைத் தலைகுனிய வைத்ததோ அதே வார்த்தைதான் என் வீட்டு அடுப்பை மறுபடி எரியவைத்தது. இந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் எழவில்லை. நசீமாவுக்குக் காபி கொடுத்துவிட்டு இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து என்னைப் பற்றிச் சிரித்த சிரிப்பு மொட்டை மாடிவரை கேட்டது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இத்தனைக்கும் காரணமான ‘ஓய்வில் ஓர் ஒய்யாரக் கலை’ தொடரை இந்த வாரத்தோடு நிறுத்த வேண்டும் என்றும், தோல்நேசன் இனி பேனாவைத் தொடக் கூடாது என்றும், தொட்டாலும் எங்கள் மாவட்டத்துக்கு வரும் பிரதிகளில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்றும், மற்ற ஓய்வுபெற்றோர் எச்சரிக்கை அடையும் பொருட்டு இந்தக் கடிதத்தை ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் பிரசுரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை பெருக, அச்சு இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓட, தங்கள் இல்லத்தார் அனைவரும் தங்களிடம் பேச்சுவார்த்தையோடு இருக்க, அண்ணாமலையார் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
மனம் கலங்கிய வாசகன்,
கு. தருமன்,
உடற்பயிற்சி ஆசிரியர் (ஓய்வு).

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பி, செருப்பு மாட்டும்போது மாறனும் ஜானி பாஷாவும் வந்தார்கள். அறை பாஷாவுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் சீட் கவர் கடையை விட்டுவிட்டு அவர் அங்கே உட்கார முடியாதாம். “நீங்கதான் மாஸ்டர் உக்காரணும். ஒரு பக்கம் என் ரெக்ஸின், ஒரு பக்கம் உங்க தோலு. ஆடுன்னு பெருசா எழுதி வெச்சிடலாம். வாங்கறவங்க வாங்கட்டும், கம்மியா வித்தாலும் பரவால்ல” என்றார். பலகையில் இரண்டு பெயரும் எழுதக் கொடுத்தாயிற்றாம். மாட்டிய செருப்பை மறுபடி கழற்றினேன். அவர்கள் போனதும் தனம் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ புளி, பருப்பு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். “ஏங்க, பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குப் போகும்போது மாட்டிக்கறாப்பல எனக்கு ஒரு கைப்பை தெச்சுக் குடுக்கிறீங்களா? நசீமா தோள்ல மாட்டறாங்களே, அத்தாட்டம். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டு ஜிப்பு வெச்சு” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையால் செய்த பொருள் ஒன்றை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துவிடவும். கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம். தொடரை நிறுத்தவே வேண்டாம். தோல்நேசன் அவர்களுக்கு என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்து, தோலில் ஜிப் வைப்பது எப்படி என்பதை அடுத்த இதழிலேயே, மிச்சம் மீதி வைக்காமல், முழுசாக எழுதச் சொல்லவும். பொங்கல் நெருங்கிவிட்டது.